எர்லிங் பிரெக்கேயின் புதிய ஸ்கோப்

அடுத்தவன் துப்பாக்கியைப் பார்த்தாலே எர்லிங் பிரெக்கேவுக்கு முகம் சுளித்துவிடும். அதன்மேல் குறி பார்க்கிற தொலைநோக்கி, பெரிய ஸ்கோப் ஒன்று உட்கார்ந்திருந்தால் போச்சு, குடித்துக்கொண்டிருக்கும் காப்பியை அப்படியே மேசையில் வைத்துவிடுவார். "நட்சத்திரம் எண்ணப் போறானா, சுடப் போறானா?" என்று கேட்பார். அதையும் மெதுவாகக் கேட்கமாட்டார். ஓட்டலில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கேட்பார்.

அறுபத்தெட்டு வயது. அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் கிழக்குக் கோடியில், கவுண்டி நிர்வாகத்தின் மண் சாலைகளை முப்பத்தோரு வருடம் இயந்திரம் ஓட்டிச் சமன்படுத்திய மனிதர். ஓய்வு பெற்ற அன்று ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். அது நாளைக்கு நாலு நிமிடம் பிந்துகிறது என்று அடுத்த வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ஆள் அப்படி. சரியில்லாத பொருளை வீட்டில் வைத்திருக்க மாட்டார், சரியில்லாத ஆளிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அப்படிக் கழித்துக் கழித்து, ஊரில் அவர் பேசுகிற ஆட்கள் நாலு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள்.

அந்த நாலு பேரில் ஒருத்தி மார்வா ஸ்டென்ஸ்லி. எழுபத்திரண்டு வயது, புருஷன் இல்லை, இருநூறு மாடுகளைத் தனியாக வைத்து மேய்க்கிறவள். அவளுடைய மேய்ச்சல் நிலத்தில் புல்வெளி நாய்கள் ஊரே அமைத்து வாழ்ந்தன. பெயர்தான் நாய். குரைக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான்; மற்றபடி அது கொழுத்த அணில். புல்லை வேரோடு தின்றுவிட்டு, நிலம் முழுக்க வளை தோண்டி, மண்ணை மேடாகக் குவித்து, அந்த மேட்டில் இரண்டு காலில் நிமிர்ந்து நின்று ஏதோ தன் சொத்து மாதிரி பார்க்கும். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு வளையில் மார்வாவின் குதிரை கால் விட்டு முறித்துக்கொண்டது. தன் கையாலேயே அதைச் சுட்டுப் புதைத்துவிட்டு, எர்லிங்கைக் கூப்பிட்டு, "இதுங்கள கொஞ்சம் அடக்கி வை" என்றாள். அன்றிலிருந்து அந்த நிலம் அவர் பொறுப்பு. அவர் கூட்டிவந்தால் தவிர வேறு யாருக்கும் அனுமதி கிடையாது. ஓய்வுக்குப் பிறகு, ஏப்ரல் வந்ததும் எர்லிங் காலையில் எழுந்திருப்பதற்குக் காரணமே அந்த நிலம்தான். அது இல்லாவிட்டால் அவர் நாள் முழுக்க என்ன செய்வார் என்று அவர் மனைவி ஆர்டிஸுக்கே தெரியாது. நினைத்துப் பார்க்கவும் அவளுக்குப் பயம்.

மார்வாவின் நிபந்தனைகள் கொஞ்சம்தான். திறந்த முள்கம்பிக் கதவைத் திறந்தவனே சாத்த வேண்டும். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஆந்தையைத் தொடக் கூடாது. அங்கே ஒரு வகை ஆந்தை உண்டு, ஒரு சாண் உயரம், நெட்டைக் கால்; புல்வெளி நாய் காலி செய்துவிட்டுப் போன வளையில் குடியேறி, பட்டப்பகலில் மேட்டின்மேல் நின்று காவல் காக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் நிமிர்ந்து நிற்கிற நாய் மாதிரியேதான் இருக்கும். மார்வா குதிரையில் போகும்போது அந்த ஆந்தைகளுக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு போவாள்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் எர்லிங்கின் உயிர்த் தோழன் டெல் ரூக் அந்த ஆந்தைகளில் ஒன்றைச் சுட்டுவிட்டான். கண் ஏமாற்றிவிட்டது என்று மூன்று நாள் கழித்து வந்து அழமாட்டாத குறையாகச் சொன்னான். எர்லிங்குக்கு அருவருப்பில் உடம்பே கூசியது. "என்னத்தச் சுடறோம்னு தெரியாம விசைய அழுத்துறவன் துப்பாக்கியே தொடக் கூடாது. இனிமே அந்த நிலத்துப் பக்கம் வராத" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மார்வாவிடமும் போய்ச் சொன்னார். டெல் அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் செத்துப்போனான். எர்லிங் சர்ச்சில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, சவப்பெட்டியை எடுப்பதற்கு முன்பே வெளியே வந்துவிட்டார்.

கடைத் தோட்டாவை அவர் கையால் தொடமாட்டார். வீட்டின் நிலவறையில் அவரே செய்வார். சுட்டுப் பொறுக்கிய பித்தளைக் கூட்டைத் துடைத்து, அச்சில் கொடுத்து வடிவத்துக்குக் கொண்டுவந்து, அடியில் பொட்டு வெடியைப் பதித்து, இருபத்தொரு கிரெயின் வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போடுவார். அது பெரிய சிட்டிகை ஒன்று, அவ்வளவுதான். தராசு முள் மயிரிழை தள்ளி நின்றால் கொட்டிவிட்டு மறுபடி நிறுப்பார். மேலே தோல் மெலிந்த சின்னக் குண்டு. அது மண்ணில் பட்ட இடத்திலேயே பொடிந்துவிடும், தெறித்துப் போய் மாட்டின்மேல் படாது. ஸ்கோப் பத்து மடங்கு, அவ்வளவுதான். "அதுக்கு மேல பெருசாக்குனா கானலும் சேந்து பெருசாகும்டா மடையா" என்பார், யாரும் கேட்காமலே. வெயில் ஏறி, தரை கொதித்து, காற்று நெளிய ஆரம்பித்தால் எதுவும் உருவமாகத் தெரியாது. அதனால் காலை பதினோரு மணிக்குத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் போன குளிர்காலத்தில் வலது கண்ணில் புரை விழுந்தது.

டாக்டர் ஆபரேஷன் என்றார். எர்லிங் அந்தச் சீட்டை மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டார். கோட்டைத் துவைக்க எடுத்த ஆர்டிஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

"அரை மணி நேர வேலையாம். பண்ணிக்கிட்டா என்ன?"

"என் கண்ணுல கத்திய வுட்டுக் கிண்டறதுக்கு நான் என்ன முட்டையா?"

"முட்டைக்காவது உள்ள மஞ்சள் கரு இருக்கு. உன் தலைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல" என்றாள் ஆர்டிஸ்.

ஏப்ரலில் வரிசையாகக் குறி தவறியது. மருந்தைக் குறை சொன்னார், காற்றைக் குறை சொன்னார், பத்து வருடமாகப் பிசகாத தராசைக் கழற்றி மாட்டினார். கடைசியில் ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் தொண்ணூறு மைல் வண்டி ஓட்டிக்கொண்டு போய், தன்னை யாருக்கும் தெரியாத ஊரில், தெரியாத கடையில், இருபத்துநாலு மடங்கு வரை கூட்டக்கூடிய ஸ்கோப் ஒன்றை வாங்கிவந்தார். கெட்ட புத்தகம் வாங்குகிறவன் மாதிரி அதைப் பழுப்புத் தாளில் சுற்றிக்கொண்டு வந்தார் என்று சொன்னால் உங்களுக்கு நம்பிக்கை வராது. ஆனால் அப்படித்தான் வந்தார். அதன் கண்ணாடி அவ்வளவு அகலம். துப்பாக்கியின்மேல் ஒட்டாது. உயரமான வளையங்கள் போட்டுத் தூக்கி மாட்ட வேண்டியிருந்தது. பார்க்கவே அசிங்கமாக இருந்தது. தூரத்துக்குத் தோதாக இருக்கட்டும் என்று குண்டின் எடையைக் குறைத்து மருந்தைக் கூட்டினார். அப்படிக் கூட்டுகிறவர்களை முப்பது வருடமாக அவர் பைத்தியக்காரர்கள் என்று சொல்லிவந்தவர்.

ஜூன் மாதம் மகளும் மருமகன் டிராயும் வந்தார்கள். டிராய் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய்கள் விற்கிறவன். நாற்பத்தொரு வயது, வாய் மூடாது. கடைத் தோட்டா, கறுப்புக் கண்ணாடி, பீரங்கி மாதிரி ஒரு ஸ்கோப். எர்லிங்குக்கு அவனைக் கண்டால் எட்டிக்காய். "இந்த வருஷமும் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்கப்பா, உங்களுக்கும் துணையா இருக்கும்" என்று மகள் கெஞ்சியதால், மார்வாவிடம் கேட்டு அழைத்துக்கொண்டு போனார்.

நிலத்தில் உட்கார்ந்து சுடுவதற்கு மேசைகளைப் போட்டு, உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். டிராய் பார்த்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தான்.

"மாமா, என்னது இது? நட்சத்திரம் எண்ணப் போறீங்களா?"

"பழசுல ஈரம் எறங்கிடுச்சு" என்றார் எர்லிங்.

"உங்களுதுக்குள்ளயா? நீங்க மூச்சு விட்டாகூட அதுக்குள்ள போகாதுன்னு சொல்வீங்களே!"

"சுடறியா, இல்ல பேசியே கொல்லப் போறியா?"

டிராய் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். சும்மா சொல்லக் கூடாது, பையன் அன்று நன்றாகச் சுட்டான். பேசிக்கொண்டே, சூயிங்கம் மென்றுகொண்டே, ஒரு முன்னூற்றைம்பது கஜத்தில் நின்றதை ஒரே அடியில் வீழ்த்தினான். எர்லிங் அதே வரிசையில் மூன்று முறை சுட்டு மூன்று முறையும் புழுதியைத்தான் கிளப்பினார். நல்லா சுட்டீங்க மாமா, காத்து சரியில்ல என்று அவன் ஆறுதல் வேறு சொன்னான். எர்லிங் அடுத்த தோட்டாவைப் போட்டார்.

வெயில் ஏறியது. தூரத்து மேடுகள் நெளிய ஆரம்பித்தன.

"மணி பதினொன்றரை மாமா. உங்க சட்டப்படி நிறுத்தணும்ல? எனக்கு எல்லாம் தண்ணிக்குள்ள ஆடுற மாதிரி இருக்கு."

"உனக்குக் கண்ணு சரியில்ல" என்றார் எர்லிங்.

வாய் கூசாமல் அதைச் சொன்னார். டிராய் தோளைக் குலுக்கிவிட்டு, அவர் நிறுத்தாததால் தானும் இரண்டு தோட்டா சுட்டான். ஒன்று மண்ணில் பட்டுப் புழுதி பறந்தது. மற்றது எங்கே போனது என்று அவனுக்கே தெரியாது. பிறகு தண்ணீர் குடிக்க வண்டிப் பக்கம் நடந்தான். எர்லிங் ஸ்கோப்பை இருபத்துநாலுக்குத் திருப்பினார். பழுப்பாக ஒன்று மேட்டின்மேல் நிமிர்ந்து நின்று ஆடியது. தலை எது, உடம்பு எது என்று பிரியவில்லை. பத்து மடங்காக இருந்தால் சுற்றிலும் நாலு மேடு தெரிந்திருக்கும், எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று புரிந்திருக்கும். இப்போது அந்த ஒரு மேடுதான் கண் நிறைய இருந்தது. இது போதும் என்று நினைத்தார். விசையை அழுத்தினார்.

இறகுகள் பறந்தன.

வாங்கிய காசுக்கு அந்த ஸ்கோப் அப்போதுதான் உழைத்தது. ஒவ்வொரு இறகையும் தனித்தனியாக, நெளிந்து நெளிந்து, மெதுவாகக் கீழே இறங்குகிற வரை அவருக்குக் காட்டியது. துப்பாக்கியின் பூட்டைத் திறந்து பித்தளைக் கூட்டை வெளியே எடுத்தார். அதிக மருந்தின் அழுத்தத்தில் அடிப்பொட்டு தட்டையாக நசுங்கியிருந்தது. அடுத்தவன் கூட்டில் இப்படிப் பார்த்திருந்தால் அதைக் காட்டிக்காட்டி ஊரையே சிரிக்க வைத்திருப்பார். அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"பட்டுச்சா மாமா?" என்று வண்டிப் பக்கத்திலிருந்து டிராய் கேட்டான்.

"இல்ல. போதும், கெளம்பு."

சாயங்காலம், வெயில் இன்னும் இருக்கும்போதே, மார்வா தன் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். மகளும் டிராயும் ஐஸ்கிரீம் வாங்க ஊருக்குள் போயிருந்தார்கள். மார்வா இறங்கவில்லை. பக்கத்து இருக்கையில் தீவனச் சாக்கு ஒன்று சுருட்டி வைத்திருந்தது. உள்ளே என்ன என்று எர்லிங் கேட்கவில்லை.

"உன் மாப்பிள்ள என் ஆந்தையைக் கொன்னுட்டான்" என்றாள். "ஆண் பறவ. மூணு குஞ்சு வளை வாசல்ல வந்து நின்னுக்கிட்டு இருக்கு, அப்பன் எர கொண்டாருவான்னு."

எர்லிங் வாயைத் திறந்தார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன்ன எனக்குத் தெரியாதா? அவன மட்டும் இனிமே கூட்டிட்டு வராத."

"சரி" என்றார் எர்லிங்.

அவ்வளவுதான் சொன்னார். வண்டி திரும்பிப் போய்ப் புழுதி அடங்குகிற வரை அங்கேயே நின்றார். மூன்று வருடமாக அவர் ஆசைப்பட்டது நடந்திருந்தது. அந்த வாயாடி இனி அந்த நிலத்தில் கால் வைக்கமாட்டான். வாயில் ஏதோ அழுகியதைக் கடித்த மாதிரி இருந்தது. எச்சிலைத் துப்பிப் பார்த்தார். போகவில்லை.

ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்த ஆர்டிஸ் ராத்திரிச் சாப்பாட்டில் டிராயிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் வாய் மூடியதை எர்லிங் பார்த்தார்.

"ஒண்ணு எங்க போச்சுன்னு தெரியல" என்றான் கடைசியில். "அதாத்தான் இருக்கும். நீங்க பதினோரு மணிக்கு நிறுத்தணும்னு சொல்லிச்சொல்லிக் கொடுத்திருக்கீங்க. நான்தான் சுட்டேன். மன்னிச்சுடுங்க மாமா. உங்க பேரையும் கெடுத்துட்டேன்."

எர்லிங் உருளைக்கிழங்கை மென்றுகொண்டே இருந்தார். இவ்வளவு நாள் ஊரில் ஒவ்வொருத்தனையும் பார்த்து அவர் முகம் சுளித்தாரே, அந்தச் சுளிப்பெல்லாம் ஒன்றாகத் திரும்பித் தன்மேலேயே வந்து விழுந்த மாதிரி இருந்தது. எழுந்து போய், போட்டிருந்த சட்டையோடு படுத்துவிட்டார்.

காலையில் டிராயின் வண்டியைக் காணோம். "மார்வாகிட்ட நேர்ல மன்னிப்பு கேக்கணும்னு போயிருக்கான். நல்ல புள்ள" என்றாள் ஆர்டிஸ், அழுத்திச் சொல்லி. எர்லிங் தொப்பியைக்கூட எடுக்காமல் வண்டியில் ஏறினார்.

மேய்ச்சல் நிலத்துக் கதவுக்கு உள்பக்கம் மார்வா நின்றாள். எதிரே டிராய், தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். எர்லிங் கதவைத் திறந்து வண்டியை உள்ளே விட்டு, பழக்கதோஷத்தில் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உன் மாப்பிள்ள பரவால்ல" என்றாள் மார்வா. "ஒரே நாள்ல வந்து ஒத்துக்கிட்டான். டெல்லுக்கு மூணு நாள் ஆச்சு. ஆகஸ்ட்ல, குஞ்செல்லாம் பறந்தப்பறம், வேணும்னா வரட்டும்னு சொல்லிட்டு இருந்தேன்."

எர்லிங் சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றினார். பித்தளைக் கூட்டை எடுத்து வண்டியின் முன்பக்கத்தில் வைத்தார்.

"அவன் சுடல. நான்தான்."

டிராய் திரும்பிப் பார்த்தான். "மாமா, எனக்காக நீங்க…"

"உனக்காக நான் ஏண்டா பொய் சொல்லணும்? உன்னக் கண்டாலே எனக்கு ஆகாது. வலது கண்ணுல புரை. ஒண்ணும் தெரியல. தெரியாமத்தான் அழுத்துனேன்."

மார்வா கூட்டைக் கையில் எடுத்தாள். நசுங்கிய அடியைப் பெருவிரலால் தடவினாள். அவளுக்கும் தெரியும் அது என்னவென்று.

"எப்பத் தெரிஞ்சுது?"

"சுட்டவுடனே."

"அப்ப நேத்து நான் வந்து நின்னப்ப?"

"தெரியும்."

தூரத்தில் ஒரு புல்வெளி நாய் குரைத்தது. டிராய் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கண்ணு தெரியாமச் சுட்டதுக்கு உன்ன மன்னிச்சிருப்பேன் எர்லிங்" என்றாள். "வயசாச்சு, நானுந்தான் பசுவுக்கும் காளைக்கும் வித்தியாசம் தெரியாமக் கூப்பிடறேன். ஆனா நான் அந்தப் பையன் பேரச் சொன்னப்ப நீ 'சரி'ன்ன பாரு."

"டெல்லுக்குச் சொன்னதையே எனக்கும் சொல்லிடு" என்றார் எர்லிங்.

"டெல்லுக்கு நான் எதுவுமே சொல்லலியே. சொன்னது நீ." அவள் கூட்டை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "பத்து நாள் கோவமா இருந்துட்டு, அவன வான்னு கூப்பிடலாம்னுதான் இருந்தேன். நீ வந்து நின்னு, 'அவன்கிட்டச் சொல்லிட்டேன், இனி வரமாட்டான்'னே. நீ அவ்ளோ கண்டிப்பா நிக்கறப்ப நான் என்ன சொல்றது? பதினெட்டு வருஷம் அவன் இந்தக் கதவுப் பக்கமே வரல."

எர்லிங் கூட்டைச் சட்டைப் பைக்குள் போட்டார். டெல்லின் சவப்பெட்டியை எடுக்கும்போது நின்று பார்த்திருக்கலாம் என்று தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

"கண்ணு ஆபரேஷன் பண்ணிக்க" என்றாள் மார்வா. "சுடறதுக்கு இல்ல. ரோட்டுல போறவங்க பொழைக்கட்டும்."

"நான் ஓட்டுறேன் மாமா, இந்தப் பக்கம் ஏறுங்க" என்றான் டிராய். "என் வண்டிய அப்புறம் எடுத்துக்கறேன்." எர்லிங் மறுக்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பின்னால், நேற்று இறக்காமல் விட்ட துப்பாக்கி உறைக்குள் கிடந்தது. உயரமான வளையங்களால் உறை மூடவில்லை.

மார்வா கதவைத் திறந்துவிட்டாள். வண்டி வெளியே வந்து நின்றது. இருபத்தாறு வருடப் பழக்கம், எர்லிங் சாத்துவதற்காகக் கீழே இறங்கி நாலு அடி நடந்தார்.

"நீ போ. நானே சாத்திக்கிறேன்" என்றாள் மார்வா.